மூன்றாவது டப்பா

எங்கள் குடியிருப்பில் ‘புகை பிடிக்கக் கூடாது’ என்ற பலகை நான்கு இடங்களில் இருக்கிறது. நான்கையும் மாட்ட வைத்தவன் நான். சங்கச் செயலாளராக ஆறு ஆண்டுகள் இருந்ததில் உருப்படியாக மிஞ்சிய சாதனை அதுதான். ஐந்தாவது பலகை மொட்டை மாடிக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தீர்மானப் புத்தகத்தில் இதற்கு விளக்கம் கிடையாது. இருந்தால் அது என் கையெழுத்தில் இருந்திருக்கும். தண்ணீர்த் தொட்டியின் நிழலில், ஒரு பிரம்பு நாற்காலியில், தினமும் மாலை ஐந்தரை மணிக்கு ஒருவர் உட்கார்ந்து பைப் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லா விதிகளும் தெரிந்தவனுக்கு எந்த இடத்தில் விதியை மறக்க வேண்டும் என்பதும் தெரியும்.

அவர் பேர் வேண்டாம். அவரும் அவர் மனைவி டீச்சரும் வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போய் ஒரு வருஷம் ஆகிறது. பேரைப் போட்டால் எப்படியாவது இதை வரவழைத்துப் படித்துவிட்டு, “எழுத்து செகண்ட் சார், காகிதம் தேர்ட்” என்று செய்தி அனுப்பக்கூடியவர்.

எங்களுக்குப் பக்கத்தில் பம்மலில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். செலக்‌ஷன் என்பார்கள். பதனிட்டு வந்த தோலை ஒவ்வொன்றாக எடுத்துக் கையால் தடவி, வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்து பார்த்து, இது ஃபர்ஸ்ட், இது செகண்ட், இது தேர்ட், இது ரிஜெக்‌ஷன் என்று பிரிக்கிற வேலை. உப்புக் குறைந்த தோலை, ஈரம் காயாத தோலை, உள்ளே பூஞ்சை தொடங்கிவிட்ட தோலைக் கண் கண்டுபிடிப்பதற்கு நாலு நாள் முன்னாலேயே மூக்கு கண்டுபிடித்துவிடும் என்பார். ஆலை மூடிய பிறகும் அந்தப் பழக்கத்தை அவர் மூடவில்லை. கண்ணில் பட்டது எல்லாவற்றுக்கும் தரம் சொன்னார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், பெண் எப்படி என்று மரியாதைக்குக் கேட்டிருக்கிறார்கள். “படிப்பு ஃபர்ஸ்ட். சமையல் செகண்ட். கோபம் ரிஜெக்‌ஷன்” என்றாராம். டீச்சர் சமையலறைக்குள் போய்த் தலையில் கை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் சிரித்துவிட்டு அப்போதே தேதி குறித்தார்கள்.

அவர் மனைவி பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடியிருப்பில் எல்லாருக்கும் டீச்சர்.

என்னையும் அவர் விடவில்லை. நான் ஓர் அரசு அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பிரிவு உபசார விழாவில் மூன்று அதிகாரிகள் பேசியதை அச்சடித்து, கண்ணாடி போட்டு, கூடத்தில் மாட்டி வைத்திருந்தேன். முதல் தடவை வீட்டுக்கு வந்தவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை முழுக்கப் படித்தார்.

“மூணு பேரும் ‘கடமை தவறாதவர்’னு சொல்லியிருக்காங்க.”

“ஆமாம்” என்றேன் அடக்கமாக.

“எங்க எடத்துல ஒரு பழக்கம் சார். ஒரு தோலுக்கு மூணு பேர் ஒரே தரம் சொன்னா, தோலைப் பார்க்க மாட்டோம். ஆளைப் பார்ப்போம். ஒண்ணு பேசி வச்சிருப்பான், இல்ல பயந்திருப்பான்.”

அன்று சாயங்காலமே அந்தக் கண்ணாடிச் சட்டம் படுக்கையறைக்கு மாறியது. நட்பும் அன்றுதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

அவருடைய புகையிலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆலைக்குத் தோல் வாங்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் முதல் டப்பாவைக் கொடுத்தாராம். பிறகு வந்து போகிறவர்கள் மூலமாகவும், மகள் போன பிறகு மகள் மூலமாகவும் வருஷத்துக்கு இரண்டு டப்பா வந்தது. இலைகளை அடுக்கிப் பாரம் வைத்து நாள்கணக்கில் அழுத்தி, பலகை மாதிரி இறுகியதும் மெல்லிய வில்லைகளாக வெட்டுவார்கள். டப்பாவைத் திறந்தால் தோலின் ஓரத்தை நறுக்கி அடுக்கியது போல இருக்கும். ஒரு வில்லையை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்து உதிர்ப்பார். செய்தித்தாளில் பரப்பிப் பத்து நிமிஷம் காய விடுவார். பிறகு பைப்பில் நிரப்பிப் பற்றவைப்பார். அணையும். மறுபடியும் பற்றவைப்பார். அதுவும் அணையும். ஒரு கோப்பு எங்கள் அலுவலகத்தில் நகர்கிற வேகம்தான்.

மிகவும் சாதுவான புகையிலை. அதனாலேயே மாடிக்கு வந்த புகைக்காரர்கள் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. அவரோ கேட்காமல் விடமாட்டார். காவலாளி ஏழுமலை பீடிக்காரர். அவரிடம் பைப்பைத் துடைத்துக் கொடுத்துக் கேட்டபோது நானும் இருந்தேன்.

“இன்னா சார் இது, இஸ்தா காத்து மாறி கீது. ஒண்ணுமே ஏறல. நம்ம பீடி ஒரு இழுப்புக்கு இந்த டப்பா மொத்தமும் காணாது.”

ஷேர் ஆட்டோ ஓட்டும் பாபு சிகரெட். “வாசனை சூப்பரா கீது சார். ஆனா பொகை எங்க? கல்யாண மண்டபத்துக்கு வெளிய நின்னு பிரியாணி வாசம் புடிச்ச மாறி கீது.”

பம்மலில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் சலீம் பாய்க்குத் தோல் வாசம் தெரியும். “நல்லாத்தான் இருக்கு அண்ணா. ஆனா பத்து நிமிஷம் காய வச்சு, நாலு தடவை பத்த வச்சு… அதுக்குள்ள என் ஒர்க்கருங்க வூட்டுக்குப் போயிடுவாங்க.”

இந்த அபிப்பிராயங்களை அவர் சின்னச் சீட்டுகளில் எழுதி டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்தார். ‘ஏழுமலை: ஒன்றும் ஏறவில்லை. (பீடி நாக்கு.)’ ‘பாபு: வாசலில் நின்ற பிரியாணி. (நியாயம்.)’ எல்லாவற்றுக்கும் கீழே தம்முடைய தரம்: ‘முதல்.’

நான் புகை பிடிப்பதில்லை. அதில் அப்படி என்ன இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். “தொடக்கத்துல புது வைக்கோல் சார். நடுவுல வெல்லப்பாகு, அதுவும் அடிப்பிடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. கடைசி அஞ்சு நிமிஷம் இருக்கு பாருங்க, அப்ப ஆவாரம் பட்டை வரும். அந்தக் காலத்துல ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் ஊற வைப்பாங்க. அந்தத் தொட்டிப் பக்கத்துல போய் நின்னா எப்படி இருக்குமோ, அதே வாசம். இதைச் செஞ்சவன் பம்மலைப் பார்த்திருக்க மாட்டான். ஆனா எங்கிருந்தோ கொண்டு வந்துட்டான்.”

பிறகு ஊரெல்லாம் அந்தக் காய்ச்சல் வந்தது. எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு ஒருவர் படுத்தோம். அவரும் டீச்சரும் சேர்ந்தே படுத்து எழுந்தார்கள். மாடி நாற்காலிக்கு அவர் திரும்பி வந்தபோது, புதிதாகத் திறந்த டப்பாவில் ஒட்டிய சீட்டு: ‘மூன்று.’ அடுத்த டப்பா: ‘மூன்று.’ அதற்கடுத்தது: ‘ரிஜெக்‌ஷன்.’

“கலவையை மாத்திட்டானுங்க சார். வெறும் சூடுதான் வருது. கம்பெனிக்கு ஒரு புகார் எழுதணும். நீங்கதான் எழுதித் தரணும்.”

வரைவு எழுதித் தரச் சொல்லி யாராவது கேட்டால் நான் மறுத்ததாகச் சரித்திரம் இல்லை. பார்வை, பொருள், டப்பாவின் அடியில் உள்ள எண் எல்லாம் போட்டு ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதினேன். எழுதிய கையோடு மாடிப்படியில் டீச்சர் என்னை மறித்தார்.

“சார், அந்த லெட்டரை அனுப்பிடாதீங்க. டப்பாமேல ஒரு தப்பும் இல்ல. இவருக்கு மூக்கு போயிடுச்சு.”

கையிலிருந்த வரைவை மடித்தேன்.

“காய்ச்சல்ல எனக்கும்தான் போச்சு. மூணு வாரத்துல திரும்பிடுச்சு. இவருக்குத் திரும்பல, வருஷம் ரெண்டாகப் போகுது. நேத்து பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு கேஸ் வந்துட்டே இருக்கு. இவர் பக்கத்துல உக்காந்து பட்டாணி உரிச்சுட்டிருக்கார். நான் மார்க்கெட்லேர்ந்து வந்து கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே எனக்கு நாத்தம் வருது.”

“அவர்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். ஜன்னல் திறந்திருந்துச்சு, அதான் தெரியலங்கறார்.”

“டாக்டர்கிட்ட?”

“டாக்டர்கிட்டப் போகணும்னா போயிடுச்சுன்னு முதல்ல ஒத்துக்கணுமே. மூக்கை வச்சுச் சாப்பிட்ட மனுஷன். பொண்டாட்டி சொல்லி ஒத்துக்குவாரா? உங்களுக்குத்தான் எல்லா ரூலும் தெரியும். ஏதாவது செய்யுங்க.”

விஷயம் அடுப்போடு முடிவதாக இல்லை. அந்த வாரமே சலீம் பாய் என்னைத் தேடி வந்தார். பட்டறைக்குத் தோல் வரும்போதெல்லாம் என் நண்பர்தான் போய் முகர்ந்து பார்த்துத் தலையாட்டுவார். அதன் பிறகுதான் கட்டுகள் வண்டியிலிருந்து இறங்கும்.

“போன தடவை அண்ணா சரின்னாரு சார், எறக்கிட்டோம். நாலு நாள் கழிச்சுக் கட்டைப் பிரிச்சா பூஞ்சை நாத்தம். பட்டறையில எல்லாரும் மூக்கைப் பொத்திக்கினாங்க.”

“அவர்கிட்ட சொல்லலையா?”

“எப்படி சார் சொல்றது? எங்க அத்தா காலத்துலேர்ந்து அந்த மூக்கை நம்பித்தான் நாங்க வேலையே செஞ்சோம். திங்கக்கிழமை அடுத்த லோடு வருது. அதுக்கும் வரேன்னு சொல்லிட்டாரு.”

ஒருவரிடம் நேரில் சொல்ல முடியாததைக் குழு போட்டுச் சொல்வதற்குத்தான் அரசாங்கம் நடைமுறைகளைக் கண்டுபிடித்தது. நான் மாடிக்குப் போய், புகாருக்கு ஆதாரம் வேண்டும், வெறும் கடிதத்தைக் குப்பையில் போடுவார்கள் என்றேன். மாதிரிகள் வேண்டும். குறியீடு போட்ட டப்பாக்கள். மூன்று உறுப்பினர் குழு. தனித்தனியாக எழுத்து மூலம் அபிப்பிராயம். கடைசியில் புகார்தாரர் முன்னிலையில் வாசித்துக் காட்டல். அலுவலகத்துக்கு வாங்கும் நாப்தலின் உருண்டைக்கே இதெல்லாம் செய்திருக்கிறேன்.

அவர் முகம் மலர்ந்தது. “இதுதான் சார் முறை. நானும் கண்ணைக் கட்டிக்கிட்டு முகர்ந்து சொல்றேன். அப்பத்தான் எவனும் பேச முடியாது.”

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரைக்கு மொட்டை மாடியில் குழு கூடியது. ஏழுமலை, பாபு, சலீம் பாய். மூன்று எவர்சில்வர் டப்பாக்கள். முதலாவதில் புதிய புகையிலை. இரண்டாவதில் காய்ச்சலுக்கு முன்னால் வந்து, அவரே ‘முதல்’ என்று சீட்டு ஒட்டி மிச்சம் வைத்திருந்த பழையது. மூன்றாவதில், ஒப்பீட்டுக்காக, எங்கள் வீட்டில் வடிகட்டிய டீத்தூளை வெயிலில் காயவைத்துப் போட்டிருந்தேன். அது யாருக்கும் தெரியாது.

அவரை நாற்காலியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, உறுப்பினர்களை ஒவ்வொருவராகத் தொட்டிக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போனேன். மூன்று பேரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பதிலைச் சொல்லவில்லை. முதல் இரண்டைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இரண்டும் ஒன்றுதான் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. மூன்றாவதில் ஏழுமலை மூக்கைக்கூட வைக்கவில்லை. “இது டீத்தூளு சார். இன்னா சார், வெளாட்டா?” என்று கிசுகிசுத்தார். மற்ற இருவரும் டீத்தூள் என்றே சொன்னார்கள். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

பிறகு அவர் முறை. தோளிலிருந்த துண்டால் தாமே கண்ணைக் கட்டிக்கொண்டார். தொடக்கூடாது என்பது என் விதி. டப்பாவை மூக்குக்கு நேரே நான் பிடித்தேன்.

“தேர்ட்” என்றார். இரண்டாவது. “இதுவும் தேர்ட்.” தம் கையாலேயே ‘முதல்’ என்று எழுதி வைத்திருந்த புகையிலை அது. சலீம் பாய் தரையைப் பார்த்தார்.

மூன்றாவதை வெகுநேரம் முகர்ந்தார். மேலே ஒரு பயிற்சி விமானம் வட்டமடித்துப் போகும்வரை முகர்ந்தார். அவர் நாக்கால் உதட்டை ஈரமாக்கிக்கொண்டதை நான் பார்த்தேன்.

“இதுதான் சார் பழசு. ஆவாரம் பட்டை வருது.”

நான் டப்பாவை மூடினேன். அடுத்தது வாசித்துக் காட்டல். அபிப்பிராயத் தாள் என் கையில் இருந்தது. முப்பத்தொரு வருஷ வேலையில் வாசிக்கத் தயங்காதவன் நான்.

“படிங்க சார்” என்றார், கண் கட்டோடு.

எனக்கு முன்னால் ஏழுமலை பேசினார். “படிக்கறதுக்கு இன்னா சார் கீது. மூணாவதுதான் சார் பழசு. நல்லா கீது.”

“ஆமா சார்” என்றார் பாபு. “மூணாவதுதான் சூப்பர்.”

சலீம் பாய் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஆவாரம் வருது அண்ணா.”

யாரும் யாரிடமும் சொல்லிக்கொடுக்கவில்லை. அரை நிமிஷத்துக்குள் மூன்று பேரும் தங்கள் கையெழுத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டார்கள். என் பணிக்காலத்தில் இவ்வளவு அழகான ஊழலை நான் பார்த்ததில்லை.

அவர் துண்டை அவிழ்த்தார். டப்பாவைப் பார்க்கவில்லை. ஏழுமலையைப் பார்த்தார். பாபுவைப் பார்த்தார். சலீம் பாயைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு அந்தக் கண்ணாடிச் சட்டமும், தோலை விட்டு ஆளைப் பார்க்கிற அவர் பழக்கமும் ஞாபகம் வந்தன.

“ஏழுமல, இத்தனை வருஷத்துல என் பைப்பை நல்லா கீதுன்னு நீ ஒரு தடவையாவது சொல்லியிருக்கியா?”

“இல்ல சார்.”

“பேப்பரைக் குடுங்க சார்.”

கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, என் பிரிவு உபசார மடலைப் படித்த அதே நிதானத்தோடு படித்தார்.

“டீத்தூளா?”

“ஆமா. எங்க வீட்டுது.”

“புதுசா?”

“வடிகட்டினது. காயவச்சேன்.”

“அது செகண்ட்கூட இல்லையே சார்” என்றார். தாளை மடியில் வைத்து நீவினார். “மூணுலயும் ஒண்ணும் வரல. மூணுக்கும் தேர்டுன்னா, டப்பாமேல பழி போட முடியாதே. அதனால ஒண்ணை நல்லதுன்னு சொன்னேன். எனக்குத் தெரியும், வரலன்னு. தெரிஞ்சேதான் சொன்னேன். நான் போட்ட முதல் பொய்த் தரம் இது.”

“முடிவுகள் முன்னுக்குப் பின் முரணா இருந்தா பரிசோதனையை ரத்து செய்யலாம்” என்றேன். “அதுக்கு விதி இருக்கு.”

“எந்தப் புஸ்தகத்துல சார்?”

அவரே என் பேனாவை வாங்கி, மூன்றாவது டப்பாவுக்கு நேரே ‘புகார்தாரருக்கு எந்த மாதிரியிலும் வாசம் தெரியவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு சலீம் பாய் பக்கம் திரும்பினார்.

“போன லோடு என்ன ஆச்சு?”

சலீம் பாய் என்னைப் பார்த்தார்.

“அங்க என்ன பார்க்கற? என்கிட்ட சொல்லு.”

“பூஞ்சை அண்ணா. இருபது, இருபத்தஞ்சு தோலு.”

“அன்னைக்கே சொல்லியிருக்கணும்டா.” கோபமாகச் சொல்லவில்லை. “நாளைக்கு வரேன். கையும் கண்ணும் இருக்கு. மூக்குக்கு வேற ஆள் வச்சுக்கோ. எங்கிட்ட கேட்காத, நான் தலையாட்டினாலும் எறக்காத.”

கீழே போய் டீச்சரிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. மறுவாரம் இருவரும் டாக்டரிடம் போனார்கள். வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னாராம். “டாக்டர் செகண்ட்” என்றார் என்னிடம். “ஆனா பொய் சொல்லல.” அடுப்படியில் கேஸ் கசிந்தால் கத்துகிற ஒரு கருவியை டீச்சர் மாட்டினார். அவரோ டப்பாக்களிலிருந்த ‘மூன்று’, ‘ரிஜெக்‌ஷன்’ சீட்டுகளை அடித்து, ‘தரம் சொன்னவருக்குத் தகுதியில்லை’ என்று எழுதினார். புகார்க் கடிதத்தின் வரைவு இன்னும் என்னிடம் இருக்கிறது. நல்ல வரைவு.

மாலை ஐந்தரைக்கு மாடிக்கு வருவதை மட்டும் அவர் விடவில்லை. ஒன்றும் தெரியாதபோது எதற்கு என்று கேட்டேன். “உங்க ஆபீஸ் உங்களை அனுப்பிட்டுது, நீங்க ஃபைல் எழுதறதை விட்டீங்களா?” என்றார். வில்லையைத் தேய்த்தார், காயவைத்தார், நிரப்பினார், பற்றவைத்தார். முன்பு புகை வராத பக்கமாக எனக்கு நாற்காலி போடுவார். இப்போது வருகிற பக்கமாகப் போட்டார். “என்ன சார் வருது?” என்று கேட்பார். வைக்கோல் என்பேன். சிலநாள் வெறும் புகை என்பேன். ஏழுமலை மேலே வந்தால் அவரிடமும் கேட்பார். “ஒண்ணும் இல்ல சார், காத்துதான்” என்று ஏழுமலை பழையபடி சொன்னதும் அவருக்குத் திருப்தியாக இருக்கும்.

அவர்கள் கிளம்புவதற்குப் பத்துநாள் இருக்கும். பைப் அடிவரைக்கும் எரிந்து முடியப்போகிற நேரம். “இப்ப என்ன வருது?” என்றார்.

ஆவாரம் பட்டை போட்ட தொட்டி எதையும் நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அவர் காத்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லிவிடுவது எனக்கு எளிது. டீத்தூளுக்காகச் சலீம் பாய் சொன்ன வார்த்தைதான்.

“பேர் சொல்லத் தெரியல” என்றேன். “முன்னாடி இருந்த இனிப்பு போயிடுச்சு. காஞ்ச மாதிரி இருக்கு. கசப்புன்னும் சொல்ல முடியாது. வாயை இறுக்குது.”

“கடுக்காயைக் கடிச்ச மாதிரியா?”

“நான் கடுக்காயைக் கடிச்சதில்லை.”

“கொட்டைப்பாக்கு?”

யோசித்தேன். “ஆமா. வெறும் பாக்கு. கடிச்சு ஒரு நிமிஷம் கழிச்சு.”

அவர் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். “வந்துடுச்சா?”

“அதுவா இருந்தா, வந்துடுச்சு.”

அவர் பைப்பைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். பீச் ஸ்டேஷனுக்குப் போகிற ரயில் ஒன்று கிளம்பி, சத்தம் முழுக்க அடங்கியது.

பிறகு அவர் பைப்பைப் பார்த்தார்.